திண்ணைக் குறட்டையும் காற்றுப் பெட்டியும்

"என்னங்க, திடீர்னு மூச்சையே காணோம். பயந்தே போயிட்டேன்."

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு குறட்டைக்காரர் டாக்டரைத் தேடிப் போவது பெரும்பாலும் இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். சொல்பவர் மனைவி. கேட்பவரோ ராத்திரி நன்றாகத் தூங்கியதாகவே சாதிப்பார். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை மேல் சாய்ந்தபடி கண்ணயர்ந்ததற்கு வெயிலைக் காரணம் காட்டுவார். அப்புறம் ஒரு ஸ்லீப் டெஸ்ட், நாலு பக்க ரிப்போர்ட், வாயில் நுழையாத ஒரு நோயின் பெயர், கடைசியில் கையில் ஒரு சீட்டு: சிபேப் மெஷின் வாங்கவும்.

அந்தச் சீட்டு காவிரிப் படுகைக்கு வந்து சேர்ந்தது சமீபத்தில்தான். குறட்டை மட்டும் எப்போதும் இருந்தது. நோய் என்று பெயர் வாங்கும் முன்பே அதற்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதுதான் திண்ணை.

பழைய தஞ்சை வீடு தெருவிலிருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கடைசியில் கொல்லை. தூங்குவதற்கென்று தனி அறை அநேகமாகக் கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டு உள்ளிலும் நெல்லும் பாத்திரமும் பெட்டிகளும் குடியிருக்கும். கோரைப் பாயையும் இலவம்பஞ்சுத் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்று வரும் இடமாகப் பார்த்து விரித்துக்கொள்வார்கள். முற்றத்தோரம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். ஊஞ்சல் பலகை, கொடுத்துவைத்தவருக்கு. பெரிய குறட்டைக்காரர் எந்த விவாதமும் இல்லாமல் திண்ணைக்குப் போய்விடுவார். கூடத்தில் இருப்பவர்கள் தூங்கலாம், தெருவில் வருகிற திருடனும் யாரோ விழித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வான் என்று கேலி பேசுவார்கள்.

மிராசுதார் வீட்டில் திண்ணை என்றால், வயலில் வேலை செய்தவருக்குக் களம். அறுப்புக் காலத்தில் போருக்கும் நெல் குவியலுக்கும் காவலாக வைக்கோல் மேல் படுத்தவரின் குறட்டையைக் கேட்டவை தவளைகள்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு, பக்கத்தில் படுத்திருப்பவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. குறட்டை சட்டென்று நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கும் மேல் அமைதி. பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குகிறவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. அந்த அமைதியைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆளை விட்டு அவரைத் தள்ளிப் படுக்கவைத்தது திண்ணை. ராத்திரி திணறி எழுந்து உட்கார்ந்தவர்களில் சிலராவது அமுக்குவான் பேய் மார்பில் ஏறியதாகச் சொல்லி, திருநீறு பூசிக்கொண்டு மறுபடி படுத்திருப்பார்கள்.

தூக்கத்தைப் பற்றிய அக்கறை இந்த மண்ணில் இல்லாமல் இல்லை. இங்கே சாமியே தினமும் தூங்கப் போகிறது. சிவன் கோயில்களில் அர்த்தசாமத்துக்குப் பின் பள்ளியறை பூஜை. தாலாட்டுக்கு உகந்த ராகமாகச் சொல்லப்படுவது நீலாம்பரி. முத்துசுவாமி தீட்சிதர் நாகப்பட்டினம் நீலாயதாட்சியைப் பாடவும் அந்த ராகத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கும்பகோணத்தில் சாரங்கபாணியோ முழுக்கப் படுத்தவர் அல்லர். சற்றே எழுந்த நிலை. உத்தான சயனம் என்பார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சடைப்பு கூடும், தலையை உயர்த்திக்கொள்ளுங்கள், ஒருக்களித்துப் படுங்கள் என்று இன்றைய தூக்க மருத்துவர் சொல்லும்போது கும்பகோணத்துக்காரருக்குப் பெருமாள் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ராமாயணத்தின் பெருந்தூக்கக்காரனான கும்பகர்ணனுக்குத் தமிழில் உருக்கமான ஓர் இடம் தந்த கம்பரும் மயிலாடுதுறைக்குப் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரர்.

மருத்துவத்துக்கும் தஞ்சையில் குறைவில்லை. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கே தொகுத்த மருந்து முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகத்தின் வழியாக அச்சுக்கும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிராசுதார்கள் கொடுத்த பணமும் சேர்ந்து எழுந்தது ராசா மிராசுதார் மருத்துவமனை. 1950களின் இறுதியில் மருத்துவக் கல்லூரி வந்தது. இவ்வளவும் இருந்தும், குறட்டை என்பது வைத்தியரிடம் கொண்டுபோகிற சமாச்சாரமாகவே யாருக்கும் படவில்லை.

அதற்காகத் தஞ்சாவூர் வெட்கப்படத் தேவையில்லை. உலகமே அப்படித்தான் இருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் நாவலில், நின்றபடியே தூங்கிவிழும் ஜோ என்ற குண்டுப் பையனை வைத்து ஊரே சிரித்தது. 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோய்க்கு அந்த நாவலின் பெயரை வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதைக் கருவி வைத்துப் பதிவுசெய்தது 1965இல். பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாக. கண்டுபிடித்தாலும் தீர்வு கொடுமையாக இருந்தது: கழுத்தில் துளையிட்டு, ராத்திரியில் அதன் வழியே மூச்சு விடுவது.

1980ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், கழுத்தில் துளை வேண்டாம் என்று நினைத்த ஒரு நோயாளியை காலின் சலிவன் என்ற மருத்துவர் வேறொரு சோதனைக்கு இணங்கவைத்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டால் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும். அந்தக் காற்றைக் குழாய் வழியே மூக்கில் செலுத்தினார். அழுத்தம் ஏற ஏற அடைப்பு திறந்தது. அந்த மனிதர் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு முழு ராத்திரி தூங்கினார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆரம்பத்தில் ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ராத்திரிதோறும் பசை வைத்து ஒட்டினார்கள். சலிவனின் கருவியை நம்பி 1989இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்று ரெஸ்மெட் என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் அதற்கு நான்கு வருடம் முன்பே ஒரு மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது.

இந்த சிபேப் மெஷின் செய்வது எளிய வேலை. மருந்து எதையும் செலுத்துவதில்லை, ஆக்ஸிஜனும் தருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே கொஞ்சம் அழுத்தி அனுப்பி, தொளதொளவென்று மூடிக்கொள்ளும் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப்பிடிக்கிறது. அழுத்தத்தை அளப்பது தண்ணீரின் உயரத்தில், சென்டிமீட்டர் கணக்கில். இந்த அளவு நெல் வயல்காரருக்குப் புதிதல்ல. நட்ட வயலில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும் என்றுதான் வேளாண் துறையும் சொல்கிறது. மெஷினோ நான்கிலிருந்து இருபது வரை போகும். ரிப்போர்ட்டில் பத்து என்று எழுதியிருந்தால், வயலில் நிற்கிற தண்ணீரைப் போல இரண்டு மடங்கு உயரத்தின் அழுத்தம், அவ்வளவுதான். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்கு இதே உத்தி சலிவனுக்கு முன்பே, 1971இல், சான்பிரான்சிஸ்கோவில் வந்துவிட்டது. சிசுப் பிரிவுகளில் இன்றும் குழாயின் மறுமுனையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கிறார்கள். காற்று குமிழியிட்டு வெளியேறுகிறது. தண்ணீரின் ஆழமே அழுத்தமாகிவிடுகிறது.

இதற்கிடையே டெல்டாவின் உடம்பும் வீடும் மாறிக்கொண்டிருந்தன. 1960 வாக்கில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புது நெல் ரகங்கள் வந்தன. பிறகு டிராக்டர், நடவு மெஷின், அறுவடை மெஷின். சோறு குறையவில்லை, குனிந்து நிமிர்கிற வேலை குறைந்தது. தொப்பையும் நீரிழிவும் வரப்பு தாண்டி ஊருக்குள் வந்தன. பருமனால் மட்டும்தான் இந்த நோய் வரும் என்றில்லை. தாடை சிறிதாக அமைந்தவர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் வரும்; ஆசியர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடம் நடந்து, 2004இல் வெளியான ஆய்வில் தூக்க மூச்சுக் கோளாறு இருந்தவர்கள் 19.5 சதவீதம், பகல் தூக்கக் கலக்கமும் சேர்ந்த நோயாக முற்றியவர்கள் 7.5 சதவீதம்.

வீட்டின் கதை இன்னும் சுவையானது. ஓட்டு வீடுகள் இடிந்தன. சிங்கப்பூர்ப் பணத்திலும் வளைகுடாப் பணத்திலும் கான்கிரீட் மாடிகள் எழுந்தன. திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. பாய் போய்க் கட்டில் வந்தது. கட்டிலுக்கென்று அறை, அறைக்குக் கதவு, கதவைச் சாத்தி ஏசி. குறட்டைக்காரர் முதல்முறையாக இன்னொருவரோடு ஒரு மூடிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார். மூச்சு நிற்கிற அமைதி அப்போதுதான் ஒருவர் காதில் விழுந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பு டெல்டாவில் எப்போது பரவியது என்று கேட்பதைவிட, எப்போது கேட்க ஆரம்பித்தது என்று பார்ப்பதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது.

சாட்சி சொல்வதிலும் ஒரு பாரபட்சம் இருந்தது. கணவன் குறட்டை விட்டால் மனைவி எழுந்து கவனிப்பாள். மனைவி குறட்டை விட்டால் வீட்டில் பேச்சே எழாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1993இல் வெளியான பெயர்பெற்ற ஆய்வு, நடுவயதுப் பெண்களில் 9 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதைக் காட்டி, இது ஆண்களின் நோய் என்ற எண்ணத்தைக் கலைத்தது. இங்கே அசதி, தலைவலி, தைராய்டு என்று பல வாசல் ஏறி இறங்கிய பிறகே பல பெண்கள் ஸ்லீப் டெஸ்டுக்கு வந்து சேர்கிறார்கள்.

இனி அந்தச் சீட்டு. முதல் மெஷின் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது, எந்த கம்பெனி நல்லது என்பது. மூன்று வகை இருக்கிறது: ஒரே அழுத்தத்தில் நிற்கும் சாதா சிபேப், மூச்சுக்கு மூச்சு கணித்து அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ சிபேப், உள்மூச்சுக்கு ஓர் அழுத்தம், வெளிமூச்சுக்கு ஓர் அழுத்தம் என்று தரும் பைபேப். பைபேப் பெரும்பாலும் வேறு சுவாசக் கோளாறும் சேர்ந்தவருக்கும், உயர்ந்த அழுத்தம் தாங்காதவருக்கும். ரிப்போர்ட்டில் மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்ற எண் இருக்கும். ஐந்துக்கு மேல் போனால் நோய். பதினைந்துக்கு மேல் நடுத்தரம். முப்பதைத் தாண்டினால் கடுமை. எந்த வகை, எவ்வளவு அழுத்தம் என்பதை டாக்டர் எழுதித் தந்துவிடுவார். கம்பெனி அதற்குப் பிறகு வருகிற கவலை.

ராத்திரி இரண்டு மணிக்கு நிஜமாகத் தகராறு செய்வது மாஸ்க். முகத்தில் தேங்காயெண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் விளிம்பு வழுக்கும். அடர்ந்த மீசைக்குள் காற்று புகுந்து புஸ்ஸென்று கசிந்து கண்ணில் அடிக்கும். மூக்கைச் சுற்றி மூடும் மாஸ்க் வேண்டுமா, நாசித் துவாரத்தோடு ஒட்டி நிற்கும் சின்னக் குமிழ் போதுமா என்பது முகத்துக்கு முகம் மாறும். வைர பேசரியோ மூக்குத்தியோ போட்ட அம்மாவுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை. கல் சிலிக்கானைத் தூக்கிப் பிடிக்கும், அல்லது சிலிக்கான் கல்லை அழுத்திப் புண்ணாக்கும். கல்யாணத்தில் போட்டதைக் கழற்றுவதா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். கடைக்காரர் நாலு மாஸ்கை எடுத்துப் போட்டு, படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டுப் பார்க்கிறாரா என்பதுதான் கவனிக்க வேண்டியது. உட்கார்ந்தபடி முகத்தில் வைத்துப் பார்த்தது படுத்ததும் நழுவும். சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பவர்களும் உண்டு, அது கெட்டிக்காரத்தனம்.

விலையை நெல்லில் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோ மெஷின் ஒன்று நாற்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2023-24இல் தமிழகக் கொள்முதல் நிலையங்களில் சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய். அந்தக் கணக்கில் பதினேழு குவிண்டாலுக்கு மேல். அறுபது கிலோ மூட்டையில் இருபத்தொன்பது. ஒரு ஏக்கர் குறுவையின் விளைச்சலில் பெரும்பகுதி கட்டில் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

மெஷினை விடப் பழைய எதிரி கரண்ட். 2012இன் இருண்ட மாதங்களைத் தஞ்சாவூர்க்காரர்கள் மறக்கவில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு, அதற்கும் மேல். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது அந்தக் காலத்தில்தான். சிபேப் வந்தபோது அது கைகொடுத்தது. ஈரமூட்டியை அணைத்துவிட்டால் மெஷின் ஒரு மின்விசிறி இழுக்கிற கரண்டைக்கூட இழுப்பதில்லை. கடற்கரையோர ஈரக் காற்றில் பலருக்கு அந்த ஈரமூட்டி தேவைப்படுவதும் இல்லை. ஏசி அறைக்காரருக்கே தொண்டை வறளும். கரண்ட் போனால் மாஸ்கில் உள்ள துளை வழியாக மூச்சு விடலாம், திணறிச் சாக மாட்டார்கள். ஆனால் தூக்கம் போய்விடும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையேறியபோது இன்வெர்ட்டரும் உதவவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கிராமங்களில் கரண்ட் திரும்பப் பல நாள், சில ஊர்களில் வாரக்கணக்கு ஆயிற்று. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் செல்போன் சார்ஜ் போட வரிசை நின்றது. கார் பேட்டரியில் ஓடுமா என்று மெஷின் வாங்கும்போதே கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

கோவிட் வந்து சொற்களைப் பரப்பிவிட்டுப் போனது. 2021 கோடையில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பெட்டிக்கடை வரை பேச்சாயிற்று. ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஆக்ஸிஜன் எழுபதுக்கு இறங்கியது என்று படித்ததும் இப்போது குடும்பமே பதறுகிறது. முன்பு அந்த எண் யாருக்கும் புரிந்திருக்காது. கூடவே ஒரு குழப்பமும் தங்கிவிட்டது. ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சிபேப்பையும் ஒன்றென நினைத்துக் கடைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வருடம் ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கலாம் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் சிதைவைக் கூட்டும் என்று சொன்னதால் நம் ஊர்க்காரருக்கு அந்தச் செய்தி இன்னும் கொஞ்சம் உறைத்தது. பழைய மெஷினைக் கைமாற்றி வாங்குபவர் மாடலையும் வருடத்தையும் பார்க்காமல் வாங்குவதற்கில்லை. 2022 பிப்ரவரியில் இந்தித் திரை இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணத்தில் இந்த நோயின் பெயர் இருந்தது. தமிழ்ச் செய்தித்தாள் வாசகர் பலர் அதை முதலில் படித்தது அன்றைக்குத்தான்.

காற்றை ஊதிப் பிழைப்பது காவிரிக் கரைக்குப் புதிய தொழில் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆடுதுறைக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வாயில் செருகும் சீவாளி இரட்டை நாக்கு கொண்டது. 2005இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 25 நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலைக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு மாதப் பயிற்சியில் தொண்டைத் தசை இறுகி மூச்சடைப்பு குறைந்தது. 2012இல் வந்த இன்னோர் ஆய்வு, ஓபோ, பசூன் போன்ற இரட்டை நாக்குக் கருவி வாசிப்பவர்களுக்கு இந்த நோயின் வாய்ப்பு குறைவு என்றது. ஓபோவுக்குப் பக்கத்து உறவுதான் நாயனம். திருவாவடுதுறையிலும் திருவாரூரிலும் விடிகாலைச் சாதகம் பண்ணிய பிள்ளைகளின் தொண்டைக்கு என்ன நன்மை நடந்திருக்கும் என்று யோசிக்கச் சுவையாக இருக்கிறது. அதற்காக ரிப்போர்ட்டில் நாற்பது என்று வந்தவர் மெஷினை விட்டுவிட்டு நாயனம் தூக்க வேண்டாம்.

பழகுவதற்குப் பல வாரம் பிடிக்கிறது. முதல் ராத்திரி பலர் ஒரு மணிக்கே கழற்றி எறிகிறார்கள். அழுத்தம் மெதுவாக ஏறும்படி வைத்துக்கொள்ளலாம். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகலாம். எத்தனை மணி நேரம் போட்டார், எத்தனை தடவை மூச்சு தடைபட்டது, எவ்வளவு காற்று கசிந்தது என்பதை மெஷின் காலையில் காட்டிவிடுகிறது. இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்த வேலையிலிருந்து மனைவிக்கு விடுதலை.

மீதி இருப்பது குழாய். ஆறடி நீளம். புரண்டு படுத்தால் கழுத்தில் சுற்றும், மாஸ்கை இழுக்கும். தலைமாட்டுக்கு மேலே எதிலாவது தொங்கவிட்டால் இழுபடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்புவார். இடிக்காமல் விட்ட பழைய வீடுகளின் கூடத்தில், ஊஞ்சலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாலும், அந்த இரும்பு வளையம் விட்டத்திலேயே இருக்கிறது.